நீவிர் மனிதர்தாமா? – இணையதளங்கள் தொடுக்கும் வினா

முன்னுரை

கதவைத் தட்டுவோரை "யார் அது?" என்று வினவிய பின்னரே தாழ் திறப்பது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். இணையதளங்களோ இன்று அதனினும் ஒருபடி மேலே சென்று, "நீவிர் மனிதர்தாமா?" என்றே வினவுகின்றன. இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்வோரும், வில்லங்கச் சான்று நாடுவோரும், தேர்வுக்கு விண்ணப்பிப்போரும் இவ்வினாவை எதிர்கொள்ளாமல் உள்ளே செல்லல் அரிது. கோணல்மாணலாக எழுதப்பட்ட எழுத்துகளைப் படித்துத் தட்டெழுதுமாறு சில தளங்கள் கேட்கும். ஒன்பது படங்களைக் காட்டி, அவற்றுள் பேருந்து உள்ளவற்றைத் தொடுமாறு சில தளங்கள் பணிக்கும். "நான் எந்திரன் அல்லன்" என்னும் சொற்களின் அருகிலுள்ள சிறு கட்டத்தில் குறியிடுமாறு சில தளங்கள் வேண்டும்.

இச்சோதனை நமக்கு வெறும் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் சிலருக்கு இது வாழ்வின் வாயிலையே அடைத்துவிடுகிறது என்பதை நாம் நேரிற்கண்டோம். எம் துறையில் பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர் போட்டித் தேர்வொன்றிற்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்தார். அன்றுதான் இறுதி நாள். தியாகராய நகரில் தாம் தங்கியிருந்த அறையில் அமர்ந்து, எழுத்துகளை ஒலியாக்கிச் சொல்லும் திரைபடிப்பான் மென்பொருளின் துணையோடு விண்ணப்பம் முழுவதையும் தாமே நிரப்பிவிட்டார். இறுதியில் தோன்றியது எழுத்துப் படம். திரைபடிப்பான் அவ்விடத்தில் ஊமையாயிற்று. ஒலிவடிவில் கேட்கும் வசதியும் அங்கில்லை. அறைத்தோழர்கள் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தனர். இரவு 10 மணியளவில் தானியில் ஏறி மயிலாப்பூரிலுள்ள எம் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். நாம் அந்த ஐந்து எழுத்துகளைப் படித்துச் சொன்னோம்; அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. விடைபெறும்போது அவர், "ஐயா, நான் மனிதன் என்பதற்கு நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று" என்றார்.

அச்சொல்லே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். இச்சோதனை யாது, எதிர்பாராத வேளையில் ஏன் தோன்றுகிறது, அதனை எவ்வாறு எதிர்கொள்வது, போலியை எங்ஙனம் அறிவது, இதில் நீதி எங்கே பிழைக்கிறது என்பவற்றை ஆராய்வதே இதன் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1950 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். எதிரே இருப்பது மனிதரா எந்திரமா என்பதை எழுத்துவழி உரையாடலைக் கொண்டே ஒரு மனிதர் கண்டறிய இயலுமா என்பது அதில் அவர் எழுப்பிய வினா. அங்கே நடுவர் மனிதர். இன்றைய இணையதளங்களில் நடுவர் கணிப்பொறி, சோதிக்கப்படுவோர் நாம். நிலைமை தலைகீழாயிற்று.

1997 ஆம் ஆண்டில் ஆல்டாவிஸ்டா என்னும் தேடுதளத்தில் தானியங்கி நிரல்கள் புகுந்து, வேண்டாத முகவரிகளை ஆயிரக்கணக்கில் பதிவு செய்தன. அவற்றைத் தடுக்க ஆந்திரே பிரோடர் என்பாரும் அவர்தம் குழுவினரும் எழுத்துப் படச் சோதனையை வகுத்தனர். அச்செழுத்தைக் கணிப்பொறி பிழையின்றிப் படிப்பதற்கு எவற்றையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று வருடி எந்திரத்தின் கையேடு கூறியதோ, அவற்றையெல்லாம் இவர்கள் வேண்டுமென்றே சேர்த்தனர். எழுத்துகள் வளைந்தன, சாய்ந்தன, பின்னணி கலங்கியது. மனிதர் படித்தனர், எந்திரம் திகைத்தது.

பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் முதலியோர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு இலக்கணம் வகுத்தனர். கணிப்பொறியையும் மனிதரையும் பிரித்தறியும், தானே இயங்கும் டூரிங் சோதனை என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே 'கேப்ட்சா' என்னும் பெயர். தமிழில் இதனை 'மனிதச் சரிபார்ப்பு' எனலாம்.

2007 ஆம் ஆண்டில் வான் ஆன் குழுவினர் இம்முயற்சியை ஒரு நற்பணிக்குப் பயன்படுத்தினர். பழைய நூல்களிலும் நாளிதழ்களிலும் கணிப்பொறி படிக்க இயலாமல் விட்ட சொற்களையே சோதனையாகக் கொடுத்தனர். இரண்டு சொற்களுள் ஒன்று விடை தெரிந்தது, மற்றொன்று தெரியாதது. பலர் ஒரேவிதமாகப் படித்ததை மெய்யெனக் கொண்டனர். இவ்வகையில் 44 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் படிக்கப்பட்டன என்று அவர்கள் 2008 ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2009 ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் இத்திட்டத்தை விலைக்கு வாங்கிற்று.

2014 ஆம் ஆண்டில் அந்நிறுவனமே, கடினமான எழுத்துப் படங்களையும் தன் கணிப்பொறி 99.8 விழுக்காடு சரியாகப் படித்துவிட்டதாக அறிவித்து, கட்டத்தில் குறியிடும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே சோதிக்கப்படுவது குறி மட்டுமன்று. சுட்டியை நாம் நகர்த்தும் பாங்கும், உலாவியில் முன்பு பதிந்த குறிப்புகளும் பிறவும் சேர்ந்தே எடைபோடப்படுகின்றன. ஐயம் எழுந்தால் மட்டுமே படங்கள் தோன்றும்.

சோதனை ஏன் வேண்டும்?

இச்சோதனை பயனற்றது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. எழும்பூரிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்லும் வண்டிகளில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் இடம்பெற முயன்றோர் இதன் தேவையை அறிவர். உடனடிப் பயணச்சீட்டு வழங்கும் 'தட்கல்' முறையில், குளிர்வசதிப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும் ஏனையவற்றிற்கு 11 மணிக்கும் பதிவு தொடங்குகிறது. தொடங்கிய முதல் 5 நிமிடங்களில் வரும் நுழைவு முயற்சிகளுள் 50 விழுக்காடு வரை தானியங்கி நிரல்களால் நிகழ்கின்றன என்று இரயில்வே அமைச்சகம் 2025 ஜூன் மாதத்தில் தெரிவித்தது. ஏறத்தாழ 2.5 கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன எனவும் அது கூறிற்று. மாம்பலம் நிலையத்தின் முன்பதிவு வரிசையில் விடியற்காலை முதல் நிற்போரை முந்திக்கொண்டு, உருவமில்லா ஓர் எந்திரம் இருக்கைகளை வாரிக்கொள்வது முறையாகுமா? வரிசையைக் காக்கும் காவலனே இச்சோதனை.

எதிர்பாராமல் தோன்றுவது ஏன்?

நேற்று வரை தடையின்றித் திறந்த தளம் இன்று திடீரென்று நம்மை ஐயுறுவது ஏன் என்று பலரும் மயங்குகின்றனர். காரணங்கள் பெரும்பாலும் எளியன.

முதலாவது, முகவரி. கல்லூரி நூலகத்திலோ மாணவர் விடுதியிலோ நூறு பேர் ஒரே இணைப்பைப் பயன்படுத்தும்போது, வெளியுலகிற்கு அவர்கள் அனைவரும் ஒரே முகவரியினராகவே தோன்றுவர். கைப்பேசி நிறுவனங்களும் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பதுண்டு. அடையாற்றின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நாற்பது வீடுகளுக்கும் ஒரே கதவெண் இருந்தால், ஒரு வீட்டார் செய்த தவற்றிற்கு முப்பத்தொன்பது வீட்டாரும் ஐயத்திற்கு உள்ளாவர் அன்றோ? அதனை ஒத்ததே இது.

இரண்டாவது, மறைவு. வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டும் வி.பி.என். இணைப்பு, பழைய பதிப்பு உலாவி, 'குக்கீ' என்னும் குறிப்புகளை ஏற்க மறுக்கும் அமைப்பு ஆகியன தளத்தின் ஐயத்தை வளர்க்கும்.

மூன்றாவது, விரைவு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரே பக்கத்தை நொடிக்கு நொடி புதுப்பிப்போரை எந்திரம் என்றே தளம் கருதுகிறது.

நான்காவது, நெரிசல். தளம் தாக்குதலுக்கு உள்ளாகும்போது அதன் காவலமைப்பு வருவோர் அனைவரையும் நிறுத்திச் சோதிக்கும். அது நம்மைக் குறித்த ஐயம் அன்று.

எதிர்கொள்ளும் முறை

காரணம் தெரிந்தால் கைம்மருந்தும் தெரியும். முதற்கண் பொறுமை வேண்டும். 'சரிபார்க்கப்படுகிறது' என்று தோன்றும் பக்கத்தை ஒரு நிமிடம் விட்டுவைத்தால் பல வேளைகளில் தானே திறக்கும். மீண்டும் மீண்டும் புதுப்பித்தல் ஐயத்தையே பெருக்கும்.

எழுத்துப் படம் விளங்கவில்லையெனின் ஊகித்து எழுதுவதைவிட, அருகிலுள்ள வட்ட அம்புக்குறியைத் தொட்டு வேறு படம் பெறுதல் நன்று. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறெனக் கொள்ளும் தளங்கள் உண்டு. சுழியத்தையும் 'ஓ' என்னும் எழுத்தையும், ஒன்று என்னும் எண்ணையும் சிறிய 'எல்' எழுத்தையும் மயங்காமல் நோக்குதல் வேண்டும்.

படச் சோதனைகளில் காட்டப்பெறுவன பெரும்பாலும் அமெரிக்கத் தெருக்கள். அவர்தம் நடைபாதை ஓரத்தில் இடுப்புயரத்திற்கும் தாழ்வாகக் குட்டையாய் நிற்கும் தீயணைப்பு நீர்க்குழாயை மயிலாப்பூர் மாடவீதியில் நாம் கண்டதில்லை. அவர்தம் வீட்டுப் புகைபோக்கியும் நமக்குப் புதிது. சாலையைக் கடக்கும் இடம் என்பது வெள்ளைக் கோடுகள் இட்ட பகுதியாகும். இவற்றை ஒருமுறை அறிந்துகொண்டால் தடுமாற்றம் நீங்கும்.

சோதனை முடிவின்றித் திரும்பத் திரும்பத் தோன்றினால், வி.பி.என். இணைப்பை நிறுத்துக, உலாவியைப் புதுப்பிக்க, குக்கீகளை அனுமதிக்க, கணிப்பொறியின் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா எனக் காண்க, பொது இணைப்பை விட்டுக் கைப்பேசியின் இணைப்பிற்கு மாறுக. இவற்றுள் ஒன்று பெரும்பாலும் பயன்தரும். யாவற்றினும் மேலாக, இறுதி நாள் இறுதி மணிக்கென எதையும் ஒதுக்கிவைக்காதிருத்தல் நலம்.

போலிச் சோதனைகள்

மக்கள் இச்சோதனைக்குப் பழகிவிட்டமையால், அப்பழக்கத்தையே வலையாக விரிப்போரும் தோன்றிவிட்டனர். 2024 ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய வஞ்சகம் ஒன்றை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். "நீவிர் மனிதர் என்று மெய்ப்பிக்க" என ஒரு பக்கம் தோன்றும். கட்டத்தைத் தொட்டவுடன் நாம் அறியாமலே ஒரு கட்டளை நம் கணிப்பொறியின் நினைவில் படியெடுக்கப்படும். பின்னர், விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்துமாறும், தோன்றும் பெட்டியில் கன்ட்ரோல் விசையையும் 'வி' விசையையும் அழுத்துமாறும், இறுதியில் என்டர் விசையை அழுத்துமாறும் அறிவுறுத்தும். அவ்வாறு செய்வோர் தம் கையாலேயே திருடனுக்குக் கதவு திறந்தவராவர். கடவுச்சொற்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் களவாடும் நிரல் உள்ளே புகுந்துவிடும்.

மெய்யான சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அது தன் பக்கத்திற்குள்ளேயே தொடங்கித் தன் பக்கத்திற்குள்ளேயே முடியும். அவ்வெல்லைக்கு வெளியே நம்மை அழைக்கும் எதுவும் போலியே. கணிப்பொறியின் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்வதும், எதையேனும் ஒட்டச் சொல்வதும், செயலியைப் பதிவிறக்கச் சொல்வதும், மனிதர் என்று காட்ட 'அறிவிப்புகளை அனுமதி' என்னும் பொத்தானைத் தொடச் சொல்வதும், வங்கி அட்டையின் எண்ணைக் கேட்பதும் மனிதச் சரிபார்ப்பு ஆகா. அவ்விடத்தில் பக்கத்தை மூடிவிடுதலே அறிவுடைமை.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கத்தால் மறைத்தல் கூடாது. உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு கருவியின் வாயிலாகக் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். பண இழப்பு நேர்ந்திருப்பின் இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930 ஐ அழைத்துப் புகார் அளிக்கலாம். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மீட்கும் வாய்ப்பு மிகும்.

ஆறறிவும் நான்காம் அறிவும்

இனி, நம் மாணவர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். மனிதர் என்பதற்கு இலக்கணம் யாது? தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. உற்றறிவது ஓரறிவு, சுவையறிவது இரண்டாவது, முகர்ந்தறிவது மூன்றாவது, கண்டறிவது நான்காவது, கேட்டறிவது ஐந்தாவது, மனத்தால் அறிவது ஆறாவது. அவ்வாறாம் அறிவே மக்களின் தனியுடைமை. கண்ணும் செவியும் விலங்கிற்கும் உண்டு. மனமே மனிதரை வேறுபடுத்துகிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு இணையதளச் சோதனையை அளந்து பார்ப்போம். எழுத்துப் படமும் பேருந்துப் படமும் எதனைச் சோதிக்கின்றன? நான்காம் அறிவாகிய பார்வையை. அதற்கு மாற்றாகத் தரப்படும் ஒலிச் சோதனை எதனைச் சோதிக்கிறது? ஐந்தாம் அறிவாகிய கேள்வியை. மனிதரா என்று வினவத் தொடங்கிய சோதனை, ஆறாம் அறிவின் பக்கமே செல்லவில்லை என்பது வெள்ளிடைமலை.

இவ்விடத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினைவுகூர்தல் பொருந்தும். அவர் கையாண்ட ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை. குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வடிவ வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். செல்லரித்த இடங்களும் பல. பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல் நிலையத்தில் இத்தகைய சுவடிகளைக் காணலாம். 1887 ஆம் ஆண்டில் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது கண்ணின் கூர்மையால் மட்டும் அன்று. யாப்பும், பொருளும், உரையும், பிற நூல்களின் மேற்கோளும் துணைநிற்க, மனத்தால் அவ்வெழுத்துகளைப் படித்தார். அது ஆறாம் அறிவின் பணி. இணையதளமோ முன்பின் தொடர்பற்ற, பொருளற்ற ஐந்து எழுத்துகளைத் தருகிறது. அங்கே மனத்திற்கு வேலையே இல்லை. கண் ஒன்றே போதும். ஆகவேதான் கற்றுத் தேர்ந்த மாணவர் ஒருவர் வாயிலில் நிற்க, கண்போல் காணும் கருவி பொருத்திய எந்திரம் உள்ளே சென்றுவிடுகிறது.

எந்திரம் உள்ளே செல்வது கற்பனையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1,400 பேரைக் கொண்டு 14,000 சோதனைகளை நடத்தி 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இச்சோதனைகளில் எந்திரங்கள் மனிதரை விஞ்சி நிற்பதைக் காட்டிற்று. இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. கூலிக்கு ஆள் வைத்தே சோதனையைக் கடக்கும் வணிகம் குறித்து அப்பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் 2010 ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். ஆயிரம் படங்களைப் படித்துத் தர ஏறத்தாழ ஒரு டாலர் என்னும் அளவிற்கு விலை வீழ்ந்திருந்தது. அக்கூலியாட்கள் எம்மொழியினர் என்று அறிய ஆய்வாளர்கள் பல மொழிகளில் சோதனை அமைத்துப் பார்த்தனர்; அவற்றுள் தமிழும் ஒன்று. காசுள்ள ஏமாற்றுக்காரருக்குத் திறக்கும் கதவு, கண்ணில்லாத நேர்மையாளருக்கு அடைபடுமாயின் காவலால் யாது பயன்?

நீதியின் குரல்

இக்குறையை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் நோக்கியுள்ளது. வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு முதலியவற்றிற்கு அடையாளம் காட்டும்போது, உயிருள்ள மனிதரே எதிரில் உள்ளார் என்று உறுதிசெய்யக் கண் இமைத்துக் காட்டுமாறு கேட்கப்படுகிறது. அமிலவீச்சால் கண்களும் முகமும் சிதைந்தோரும் பார்வையற்றோரும் எங்ஙனம் இமைத்துக் காட்டுவர்? இதனைச் சுட்டித் தொடுக்கப்பட்ட வழக்குகளில், நீதியரசர்கள் ஜே. பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வழங்கினர். நீதியரசர் மகாதேவன் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர். மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21 ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று அத்தீர்ப்பு உரைத்தது. இமைத்தலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது உள்ளிட்ட 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

மாற்று வழிகள் அரியனவும் அல்ல. பதிவு செய்த கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பலாம். எளிய சொற்களில், தமிழிலேயே வினாத் தொடுக்கலாம். பயனரைத் தொல்லைப்படுத்தாமல் பின்னணியில் சரிபார்க்கும் முறையையும் கையாளலாம். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றொன்று திறந்திருத்தல் வேண்டும் என்பதே அடிப்படை.

நிறைவுரை

வாயிலில் காவல் வேண்டும், அதில் ஐயமில்லை. வரிசையில் நிற்கும் ஏழைப் பயணியின் இருக்கையைக் காக்க அக்காவல் இன்றியமையாதது. சோதனை எதிர்பாராமல் தோன்றினால் அஞ்சாமல், அவசரப்படாமல் காரணம் அறிந்து செயற்படுவோம். அது தன் எல்லையைக் கடந்து நம்மை எங்கேனும் அழைத்தால் பின்தொடராமல் பக்கத்தை மூடிவிடுவோம்.

கணிப்பொறித் துறையில் பயிலும் நம் கல்லூரி மாணவர்கள் நாளை இணையதளங்களை ஆக்கும் இடத்தில் அமர்வர். அன்று ஒரு சோதனையை அமைக்குமுன், கண்களை மூடிக்கொண்டு தாமே அதனை ஒருமுறை கடந்து பார்ப்பாராக. கடக்க இயலவில்லையெனின் மற்றொரு வாயில் அமைப்பாராக. நம் மாணவர் அன்றிரவு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். அவருக்கு மயிலாப்பூரில் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. அத்தகைய கதவு எல்லார்க்கும் அருகில் இருப்பதில்லை.